சிவப்பு மையில் ஆறு லேபிள்

"எழுத்து முத்து முத்தா இருக்கு மேடம். தப்பு பண்ணது யாரா இருந்தாலும், ஸ்கூல்ல கையெழுத்துக்குப் பரிசு வாங்கின ஆளு" என்றான் ரேடியோ.

மேடம் பதில் சொல்லவில்லை. சொல்ல மாட்டார் என்று அவனுக்கும் தெரியும். ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம், சாகாமலே செத்தவர்களையும் எரியாமலே எரிந்த கடைகளையும் தேடிப் பிடித்துவிட்டு, அப்புறம் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் போட்டவர் அவர். பேச்சை மிச்சம் பிடிப்பார். அவர் மிச்சம் பிடித்ததையெல்லாம் அவருடைய உதவியாளன் வாரி இறைத்துக்கொண்டிருந்தான். முப்பத்தைந்து வயது ஆசாமிக்கு ரேடியோ என்ற பெயர் எப்படி வந்தது என்று யாரும் கேட்டதில்லை. இரண்டு நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்தால் தானாகப் புரிந்துவிடும்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் டைரக்டர். கண்ணின் விழித்திரையை ஆராய்கிற கூடம் அது. அவருடைய மேஜைமேல் பன்னிரண்டு குட்டிக் குழாய்கள், ஒவ்வொன்றும் சுண்டுவிரல் அளவு. ஒவ்வொன்றின் இடுப்பிலும் ஒரு வெள்ளை லேபிள். ஒன்று முதல் ஆறு வரை கறுப்பு மை. ஏழு முதல் பன்னிரண்டு வரை சிவப்பு மை. பக்கத்தில் டைப் அடித்து வைத்த ஒரு கடிதம்.

"மூணு மணிக்கு இந்த லெட்டர்ல கையெழுத்துப் போடணும். பதினெட்டு வருஷமா எங்கிட்ட இருக்கறவங்களை வேலையை விட்டு அனுப்பற லெட்டர்" என்றார் டைரக்டர். சட்டைப் பையைத் தடவினார். "என் பேனா ரெண்டு வாரமாக் காணோம், அது வேற... இந்த வேலையை அவங்கதான் பண்ணாங்களான்னு எனக்குத் தெரியணும். போலீஸ்னு போனா எங்க பேரு கெட்டுரும். பண்ணாங்கன்னாலும் சரி, பண்ணலைன்னாலும் சரி. ரெண்டுல எதுவா இருந்தாலும் எனக்கு நிம்மதி."

ரெண்டுல எதுவா இருந்தாலும் நிம்மதி. அந்த மனிதர் சொன்ன இந்த வார்த்தையை ரேடியோ அப்புறம் பல நாள் நினைத்து நினைத்து நொந்துகொண்டான்.

"முதல்லேருந்து சொல்லுங்க" என்றார் மேடம்.

"விழித்திரை செல்லுக்குள்ள ஒரு புரதம் இருக்கு. கால்சியத்தைக் கவனிக்கறதுதான் அதுக்கு உத்தியோகம். இருட்டுல செல்லுக்குள்ள கால்சியம் நிறைய இருக்கும். அப்ப இந்தப் புரதம் கால்சியத்தைப் பிடிச்சுக்கிட்டு, இன்னொருத்தன் கையையும் இறுக்கிப் பிடிச்சு வெச்சிருக்கும். அந்த இன்னொருத்தன்தான் சிக்னலை அணைக்கறவன். வெளிச்சம் பட்டதும் கால்சியம் குறையும். புரதம் கையை விட்டுரும். அவன் போய் சிக்னலை அணைப்பான். அது அணைஞ்சாத்தான் கண்ணு அடுத்ததைப் பார்க்கத் தயாராகும்."

"பஸ் கண்டக்டர்னு சொல்லுங்க சார். உள்ள எத்தனை பேர்னு பார்த்து விசில் குடுக்கறவர்."

"கிட்டத்தட்ட. அந்தக் கண்டக்டர் கண்ணுல மட்டும்தான் இருக்கணும். சில பேருக்கு உடம்புல வேற எங்கயாவது, முக்கியமா நுரையீரல்ல, ஒரு கட்டி வரும். அது எதுக்குன்னே தெரியாம இதே புரதத்தைத் தயார் பண்ண ஆரம்பிக்கும். நம்ம ரத்தத்துல காவலுக்கு ஒரு படை இருக்கில்லையா, அது 'இவன் இங்க இருக்கக் கூடாதவனாச்சே'ன்னு முகத்தைக் குறிச்சு வெச்சுக்கும். தேடிக்கிட்டே கண்ணு வரைக்கும் வரும். அங்க அதே முகத்தோட ஒருத்தன் ஒழுங்கா வேலை பார்த்துக்கிட்டிருப்பான்."

"அவனைப் போட்டுச் சாத்திருவாங்க. எங்க மாமாவை ஒரு தடவை இப்படித்தான் முகஜாடையை வெச்சு ஸ்டேஷன்ல உக்கார வெச்சாங்க."

"உங்க மாமா திரும்பி வந்திருப்பார். இந்தச் செல் திரும்பி வராது" என்றார் டைரக்டர். "வலி கிடையாது. கொஞ்சம் கொஞ்சமா மங்கும். வெளிச்சம் கூசும். கட்டி இருக்கறதே தெரியாது, அதுக்கு முன்னாடி கண்ணு போக ஆரம்பிச்சிரும். அதை முன்னாலயே கண்டுபிடிக்க ஒரு பரிசோதனை தயார் பண்றோம். விழித்திரைத் துண்டுமேல ரத்தத்தோட தெளிநீரை விட்டா, அந்தக் காவல் படை இருந்தா மைக்ராஸ்கோப்ல பச்சையா மின்னும். இல்லேன்னா மின்னாது. பரிசோதனை சரியான்னு பார்க்க நல்லா இருக்கறவங்க ரத்தமும் வேணும். இந்தக் கட்டடத்துல வேலை பார்க்கிற பன்னிரண்டு பேர்கிட்ட எடுத்தோம். பேர் கிடையாது, நம்பர் மட்டும். எந்த நம்பர் யாருன்னு, ரத்தம் எடுத்த நர்ஸ் எழுதிக் கவர்ல ஒட்டிக் குடுத்துட்டாங்க. பீரோல இருக்கு. வேலை முடியற வரைக்கும் பிரிக்கக் கூடாதுங்கறது விதி."

"ஏழு மின்னிச்சுன்னு போன்ல சொன்னீங்க" என்றார் மேடம்.

"பளிச்சுன்னு! நோயாளி ரத்தம்கூட அப்படி மின்னலை. யாரோ ஏழாம் குழாய்ல நோயாளி ரத்தத்தை மாத்தி ஊத்தியிருக்காங்க. குழாயைத் தொடறது ஒரே ஒரு ஆள், எங்க இருட்டறை அக்கா. ரெண்டு மாசமா அவங்களுக்கும் எனக்கும் ஒத்துப்போகல. பல்ப் சரியில்ல, பல்ப் சரியில்லன்னு தினம் ஒரு புகார். நான் காதுல வாங்கலைன்னு கோபம்."

"சிவப்பு மை?"

"அதான் விஷயமே. இருட்டறையில சிவப்பு லைட்தான் எரியும். வேற வெளிச்சம் பட்டா விழித்திரைத் துண்டு கெட்டுப் போயிரும். சிவப்பு லைட்ல சிவப்பு மை கண்ணுக்கே தெரியாது, வெத்துத் தாளாட்டம் இருக்கும். சிவப்புப் பேனா உள்ள வரக் கூடாதுன்னு சேர்ற முதல் நாளே சொல்லிக் குடுப்போம். அப்ப இந்த ஆறு லேபிளும் உள்ள எழுதினது இல்ல. வெளிய, பகல் வெளிச்சத்துல எழுதினது. உள்ள இருக்க வேண்டிய குழாய் எதுக்கு வெளிய போச்சு?"

ரேடியோ மனசுக்குள் கைதட்டினான். கேஸ் முடிந்தது, சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடலாம் என்று தோன்றியது. மேடம் மட்டும் ஏழாம் குழாயைக் கண்ணருகே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருட்டறைக்கு இரண்டு கதவு, நடுவில் கறுப்புத் திரை. திரையைத் தாண்டியதும் ரேடியோ ஒரு ஸ்டூலில் முட்டிக்கொண்டு 'அம்மா' என்றான்.

"அங்கயே நில்லுங்க தம்பி. அஞ்சு நிமிஷத்துல கண்ணு பழகிரும். வலது பக்கம் ஒரு ஸ்டூல் இருக்கு."

"இருக்கு அக்கா. இப்பதான் அறிமுகம் ஆச்சு."

சிரிப்புச் சத்தம் வந்தது. சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. "இந்த மருந்து நெடி வேற" என்று அலுத்துக்கொண்டது குரல்.

கண் பழகியபோது அக்கா தெரிந்தார். ஐம்பது வயது இருக்கும். கழுத்தில் கறுப்புக் கண்ணாடி தொங்கியது. வெளியே வெளிச்சத்துக்குப் போகும்போது, இருட்டுக்குப் பழகிய கண் மாறிவிடாமல் இருக்க இந்த வேலைக்காரர்கள் அதை மாட்டிக்கொள்வது வழக்கமாம். அவருடைய கைகள் ஒரு நொடி சும்மா இருக்கவில்லை. தட்டு, ஊசி, மூடி, குழாய் எல்லாம் கை போன இடத்தில் இருந்தன. முகம் எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்க, விரல் மட்டும் வேலை செய்தது. ரேடியோவுக்கு வாய் பிளந்துகொண்டது.

மேடம் தன் விசிட்டிங் கார்டை நீட்டினார். அக்கா வாங்கவில்லை. நீட்டிய கை அப்படியே நின்றது. கோபமாக இருக்கிறார், நியாயம்தான் என்று ரேடியோ நினைத்துக்கொண்டான். மேடம் கார்டை மெல்லத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

"என்னைச் சந்தேகப்படறாங்கன்னு தெரியும்மா" என்றார் அக்கா. "எம் புள்ளையக்கூட இவ்வளவு பத்திரமா நான் வளர்க்கல. ஒரு சொட்டு சிந்தினதில்ல இந்தப் பதினெட்டு வருஷத்துல. ரத்தம் குடுத்தவங்க எல்லாம் எங்கூட டீ குடிக்கறவங்க. நானும்தான் கையை நீட்டினேன். அதுல போய் மாத்துவேனா? இந்த வேலை போனா எனக்கு வேற எதுவும் தெரியாது. பகல்ல எப்படி வேலை பார்க்கறதுன்னே மறந்து போச்சு."

"லேபிள் எங்க எழுதுவீங்க?"

அக்கா மேடத்தின் கையைப் பிடித்து மேஜையின் ஓரத்துக்குக் கொண்டுபோனார். அங்கே ஓர் இரும்பு ஸ்கேல் திருகு போட்டு முடுக்கியிருந்தது. "லேபிளை இதுக்கு மேல ஒட்டி, ஸ்கேல் மேல பேனாவை உக்கார வெச்சு எழுதுவேன். இருட்டுல கோடு கோணாம வரும்."

"ஒரே பேனாவா?"

"ஆறு எழுதினதும் பேனா தீர்ந்துபோச்சு. நிப்பு கீறிச்சு, கைக்குத் தெரிஞ்சுது. டப்பாலேருந்து வேற எடுத்துக்கிட்டேன்." மறுபடி இருமல். "அந்த பல்ப்பைக் கொஞ்சம் பாருங்கம்மா. மூணு தடவை மாத்தியாச்சு, மூணும் மட்டம். யாரோ வேணும்னே பண்றாங்களோன்னு எனக்கே சந்தேகம்."

ரேடியோ நிமிர்ந்து பார்த்தான். சுவரிலிருந்த காலண்டரில் தேதி தெரிந்தது. பக்கத்தில் அக்கா எப்போதோ கறுப்பு மையில் எழுதி ஒட்டியிருந்த வேலைக் குறிப்பையும் படிக்க முடிந்தது. "நல்லாத்தானே எரியுது அக்கா?"

"உங்களுக்கு இருட்டு பழகல தம்பி. அதான் அப்படித் தெரியுது."

டீ நேரத்துக்கு அக்கா கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெளியே போனார். கதவு மூடியதும் மேடம் பேனா டப்பாவை எடுத்து ரேடியோவிடம் கொடுத்தார். உள்ளே நான்கு பேனா, நான்கும் ஒரே கறுப்பு உடம்பு. ஒரு லேபிளை ஸ்கேலுக்கு மேல் ஓரமாக ஒட்டி, "ஒவ்வொண்ணாலயும் எழுது" என்றார்.

முதல் பேனா கீறியது, மை இல்லை. இரண்டாவது எழுதியது. மூன்றாவதும் எழுதியது. நான்காவதால் ரேடியோ தன் பெயரை எழுத ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, உதறி, மறுபடி எழுதினான்.

"இதுவும் தீர்ந்துபோச்சு மேடம்."

"வெளிய வா."

நடைபாதை வெளிச்சத்தில் லேபிளைப் பார்த்தான். தீரவே இல்லை. சிவப்பாக, அழகாக, இரண்டு அரைப் பெயர்கள் இருந்தன. எழுத்துகளின் அடிப்பாகம் மட்டும் சீவி விட்டாற்போல் தட்டையாக இருந்தது, ஸ்கேலில் இடித்ததால். மேடம் டைரக்டரிடம் கேட்டு வாங்கி வந்திருந்த குழாய்களில் ஏழாவதை நீட்டினார். அதிலும் எழுத்தின் அடி தட்டை. எட்டு, ஒன்பது, பத்து, எல்லாமே தட்டை.

"அப்ப இதெல்லாம் உள்ளதான் எழுதியிருக்கு!" ரேடியோவுக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டு வந்தது. "குழாய் வெளியவே போகல! அக்கா பண்ணல மேடம்! டைரக்டரோட மொத்தக் கதையும் காலி. யாரோ சிவப்புப் பேனாவை டப்பால போட்டு, பல்ப்பையும் மங்க வெச்சு, அக்காவை மாட்டி விட்டிருக்காங்க!"

மேடத்தின் முகத்தில் சந்தோஷம் இல்லை. அவனுக்கு அது அப்போது உறைக்கவில்லை.

நடைபாதைக் கோடியில் ஏணிமேல் ஒருவர் நின்று விளக்கைக் கழற்றிக்கொண்டிருந்தார். கட்டடத்தின் எலக்ட்ரீஷியன். இருட்டறை பல்ப் என்றதும் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தார்.

"யாரு புகார்னு கேக்காதீங்க, எம் பொண்டாட்டிதான். ஒரே கட்டடத்துல வேலை பார்க்கக் கூடாதுங்க. மூணு பல்ப் மாத்தினேன். மீட்டர் வெச்சுப் பார்த்தேன், மூணும் ஒரே அளவு, ஒரு புள்ளி குறையல. சொன்னா நம்ப மாட்டேங்கறா."

"யாராவது இடையில கழட்டி மங்கலானதைப் போட்டிருப்பாங்களோ?" என்றான் ரேடியோ துப்பறியும் தோரணையில்.

"அப்படின்னா அந்த ஆளு எங்க வீட்டுக்கும் வந்திருக்கணும் சார்! வீட்டுலயும் இதே பாட்டுதான். மாடிப்படி பல்ப்பை மாத்து, குளியலறை பல்ப்பை மாத்துன்னு. போன வாரம் படியில தடுக்கி விழுந்துட்டு, என் பல்ப்பைத் திட்டறா. இன்னைக்கு வேற கம்பெனி பல்ப் சொல்லி வெச்சிருக்கேன், மூணு மணிக்கு வருது. அதோட வாயை அடைக்கறேன் பாருங்க."

ரேடியோ சிரிக்க வாயைத் திறந்தான். மேடத்தைப் பார்த்தான். திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது.

"ரேடியோ" என்றார் மேடம் மெதுவாக, எலக்ட்ரீஷியன் ஏணிமேல் ஏறிய பிறகு. "சிவப்புப் பேனாவை எடுத்ததும் நீ என்ன சொன்னே?"

"எழுதலைன்னேன்."

"எத்தனை எழுத்துல?"

"ரெண்டு... மூணு எழுத்துல."

"அவங்க ஆறு லேபிள் எழுதியிருக்காங்க."

அவ்வளவுதான் சொன்னார். நீட்டிய கார்டு, படி, கூசுகிற வெளிச்சம், எங்கேயோ பார்த்த முகம் எல்லாம் ஒவ்வொன்றாக ரேடியோவின் தலையில் வந்து உட்கார்ந்தன. எழுத்து தெரியவில்லை என்று அக்காவுக்குத் தெரியவில்லை. ஏனென்றால் கறுப்பு எழுத்தும் அவருக்குத் தெரியாமல் போய் நாளாகியிருந்தது. பதினெட்டு வருடமாகக் கையை நம்பி வேலை செய்தவருக்கு, கண் விடை பெற்றுக்கொண்டது தெரியாமலே போய்விட்டது. வேறு எந்த வேலையாக இருந்தாலும் முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும்.

"அந்த இருமல்..." என்றான்.

"கவரைப் பிரிக்கச் சொல்லலாம் வா."

டைரக்டர் முதலில் விதி பேசினார். மேடம் நான்காவது பேனாவை மேஜையில் வைத்ததும் பேச்சு நின்றது. "இது... என்னோடது. திருத்தம் போடற பேனா. ஒரு தடவை பல்ப்பைப் பார்க்க உள்ள போனப்ப அங்கயே விட்டுட்டேன் போல..." எழுந்து போய் பீரோவைத் திறந்தார். கவரைக் கிழித்தார். ஏழாவது வரியில் விரலை வைத்தவர் விரலை எடுக்கவே இல்லை.

"யாருமே மாத்தல. குழாய்ல இருந்தது அவங்க ரத்தம்தான்" என்றார் மேடம்.

"என் பரிசோதனை வேலை செய்யுது" என்றார் டைரக்டர். அதைவிட அழுதுவிட்டிருக்கலாம்.

"ஏதாவது பண்ணலாமா சார்? மருந்து, ஊசி, ஆபரேஷன்?" ரேடியோவின் குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது.

"கட்டியைச் சீக்கிரம் கண்டுபிடிச்சா உயிரைக் காப்பாத்த வாய்ப்பு இருக்கு. கண்ணு... மிச்சம் இருக்கறதைக் கொஞ்ச நாள் பிடிச்சு வைக்கலாம். போனதை யாராலயும் கொண்டு வர முடியாது. முப்பது வருஷமா இந்தப் புரதத்தைப் படிக்கறேன். அது எங்க பிடிக்கும், எப்ப விடும், எல்லாம் தெரியும். இப்ப அவங்க முன்னால போய் நிக்க எனக்கு ஒண்ணுமே தெரியல."

வேலை நீக்கக் கடிதத்தை அவர் நாலாகக் கிழித்தார். அது ஒன்றுதான் அந்த அறையில் யாராலும் செய்ய முடிந்த காரியம்.

மூன்று மணிக்கு மூன்று பேரும் இருட்டறைக்குள் போனார்கள். இந்தத் தடவை ரேடியோ ஸ்டூலில் முட்டிக்கொள்ளவில்லை.

"நீங்க எதையும் மாத்தல. நிரூபிச்சாச்சு" என்றார் மேடம்.

அக்கா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. "அப்பாடா... ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லம்மா." கண்ணைத் துடைத்துக்கொண்டவர் சட்டென்று நிமிர்ந்தார். பதினெட்டு வருட அனுபவம் பேசியது. "அப்ப ஏழு நிஜமாவே மின்னிச்சா? ஐயோ! சார், யாரு சார் அது? உடனே சொல்லுங்க அவங்ககிட்ட. நெஞ்சு ஸ்கேன் எடுக்கணும், ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. சின்ன வயசா? பாவம், குடும்பம் இருக்கா?"

அக்கா முகத்தை ஒவ்வொருவர் பக்கமாகத் திருப்பினார்.

"நம்ம தோட்டக்காரரா? அவர்தான் கண்ணு கூசுதுன்னு..."

அக்கா நிறுத்தினார். கழுத்திலிருந்த கறுப்புக் கண்ணாடியை விரல் தேடிப் பிடித்தது. அப்புறம் மேஜையைத் தடவி, ஸ்கேலைத் தொட்டு, அங்கேயே நின்றது.

"சிவப்புல எழுதியிருந்துதாமே" என்றார் மெல்ல. "ஆறும் நான்தான் எழுதினேன். எல்லாம் தெரிஞ்சுதுன்னுதான் நினைச்சேன்."

டைரக்டர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மேடம் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏதாவது சொல்லுங்க தம்பி" என்றார் அக்கா. "காலையில சிரிக்கச் சிரிக்கப் பேசினீங்களே."

ரேடியோ தேடினான். வாழ்க்கையில் முதல் தடவையாக அவனிடம் ஒரு வார்த்தைகூட இல்லை.

கதவு திறந்து மூடும் சத்தம். திரைக்குப் பின்னாலிருந்து எலக்ட்ரீஷியன் உள்ளே வந்தார், கையில் புது பல்ப். "எல்லாரும் இருக்கீங்களா, நல்லதாப் போச்சு. சாட்சிக்கு ஆள் வேணும்." பதிலுக்குக் காத்திராமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். பழைய பல்ப்பைக் கழற்றி ரேடியோவிடம் கொடுத்தார். அறை ஒரு நிமிடம் முழு இருட்டானது. அந்த இருட்டில் மேடத்தின் காதருகே அக்கா சொன்னது ரேடியோவுக்கும் கேட்டது.

"இன்னைக்கு ஒரு நாள் அவருக்குச் சொல்லாதீங்கம்மா."

புது பல்ப் எரிந்தது. பழையதைப் போலவேதான் எரிந்தது.

"இப்ப எப்படி இருக்கு?" என்றார் கணவர் மேலேயிருந்து.

அக்கா குரல் வந்த பக்கம் முகத்தைத் தூக்கினார்.

"இப்ப நல்லாத் தெரியுதுங்க."

"அப்படிச் சொல்லு!" என்று சிரித்தார் அவர். "கம்பெனியை மாத்தணும்னு அன்னைக்கே சொன்னேன்ல?" ஸ்டூலிலிருந்து இறங்கி, கையைத் தட்டித் துடைத்துக்கொண்டு, வீட்டு மாடிப்படிக்கும் இதே பல்ப்பை வாங்கி வைத்திருப்பதாகச் சொன்னார்.